லாங்ஆர்ம் மெஷினில் வட்டம் முட்டையாக வருகிறது: சக்கரத்தை மாற்ற வேண்டுமா?

கேள்வி (டல்லாஸ் வாசகி), 2024 ஜனவரி 9

குவில்ட் (நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கும் பழைய லாங்ஆர்ம் மெஷின் ஒன்றைக் கைமாற்றாக வாங்கியிருக்கிறேன். மேசை 12 அடி. தைப்பதற்கு மெஷினைக் கையால் முன்னும் பின்னும் தள்ளினால் நன்றாக ஓடுகிறது. பக்கவாட்டில் தள்ளினால் இடிக்கிறது. வட்டம் போட்டால் முட்டையாகிறது. பார்க்க வந்த டெக்னீஷியன் எட்டுச் சக்கரத்தையும் மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா அக்கா?

ஜனவரி 9, இரவு

இப்போதே காசு கொடுக்காதீர்கள். காரணம் சக்கரமாகவும் இருக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. செயின்ட் லூயிஸ் பக்கம் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் லாங்ஆர்ம் போட்டு, மற்றவர்கள் ஒட்டுப்போட்டு முடித்த குவில்ட்டுகளைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறேன். இந்தச் சக்கரங்கள் ஒழுங்காக ஓடினால்தான் எனக்கு வேலை.

எது எதைச் சுமந்து ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். மேசையின் நீளத்துக்கு இரண்டு ட்ராக் போகும். அதன்மேல் கேரியேஜ் (மெஷினைச் சுமக்கும் வண்டி) இடவலமாக ஓடும், அதற்கு நான்கு சக்கரம். கேரியேஜின் மேலே குறுக்காக இன்னும் இரண்டு ட்ராக். அதில் மெஷின் ஹெட் (ஊசி உள்ள தைக்கும் பகுதி) முன்பின்னாக ஓடும், அதற்கு நான்கு. முன்பின் தள்ளும்போது ஹெட் மட்டும் நகர்கிறது. பக்கவாட்டில் தள்ளும்போது ஹெட்டும் கேரியேஜும் சேர்ந்து நகர்கின்றன. அதனால் பக்கவாட்டில் கொஞ்சம் கனமாகத் தெரிவது எல்லா மெஷினிலும் உண்டு. கனம் வேறு, இடிப்பது வேறு. இடிப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரே இடத்தில் இடிக்கிறதா? எங்கே தள்ளினாலும் சீரான இடைவெளியில் இடிக்கிறதா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஜனவரி 10

எங்கே தள்ளினாலும், சீரான இடைவெளியில் இடிக்கிறது என்கிறார் டல்லாஸ் வாசகி. அப்படியானால் ட்ராக்கில் இல்லை, சக்கரத்தில்தான் ஏதோ இருக்கிறது. சக்கரம் ஒரு சுற்று வரும்போதெல்லாம் அந்த இடம் கீழே வந்து தட்டுகிறது. ட்ராக்கின் இரண்டு துண்டுகள் சேரும் ஒட்டு மேலேறி நின்றால் எப்போதும் அதே இடத்தில்தான் தட்டும்.

பவரை அணைத்து, ஊசியை மேலே தூக்கி வைத்துவிட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு சக்கரத்தையும் பாருங்கள். சக்கர விளிம்பின் பள்ளத்துக்குள் கறுப்பாக ஒரு வளையம் ஒட்டியிருக்கும். முதலில் பார்க்கும்போது அது சக்கரத்தின் பாகம் என்றே நினைப்போம். பேட்டிங்கிலிருந்து (குவில்ட்டின் நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு) பறக்கும் பஞ்சுத் தூசி, நூல் துணுக்கு, எப்போதோ சொட்டிய எண்ணெய் எல்லாம் சேர்ந்து, ஹெட்டின் எடையில் நசுங்கிக் கெட்டியாகிப்போனது அது. மூங்கில் குச்சியின் முனையைப் பள்ளத்தில் வைத்துக்கொண்டு சக்கரத்தை உருட்டினால் நாடா மாதிரி உரிந்து வரும். இரும்பு ஊசியோ கத்தியோ வேண்டாம், சக்கரத்தில் கீறல் விழும்.

அப்புறம் அச்சுப் பக்கம். நூல் சுற்றியிருந்தால் கண்ணுக்கே தெரியாது, அதிலும் மோனோஃபிலமென்ட் (ஒற்றை இழை) நூல் என்றால் கேட்கவே வேண்டாம். சின்ன கொக்கியால் இழுத்துப் பாருங்கள். ட்ராக்கை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட வெள்ளைத் துணியால் முழு நீளத்துக்கும் துடையுங்கள். சில பிளாஸ்டிக் பாகங்களுக்கு ஆல்கஹால் ஆகாது, உங்கள் மெஷினின் மேனுவலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். துணி வெள்ளையாக இருக்கட்டும் என்பதற்குக் காரணம் உண்டு. வெறும் கறுப்பு அழுக்கு என்றால் பயமில்லை. வெள்ளிப் பொடி போல மினுமினுப்பு வந்தால் சக்கரம் ட்ராக்கை அராவிக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 13

டக் டக் நின்றுவிட்டதாம். சந்தோஷம். முட்டை மட்டும் இன்னும் போகவில்லை.

ஜனவரி 13, சிறிது நேரம் கழித்து

ஒயரைச் சொல்ல விட்டுப்போயிற்று. ஹெட்டின் பின்னால் தொங்கும் பவர் கேபிள் எங்கேயாவது மேசைக் காலில் உரசுகிறதா, ஹெட் ஒரு ஓரத்துக்குப் போகும்போது விறைக்கிறதா என்று பாருங்கள். சக்கரம் சரியில்லை என்று புலம்பிய ஒருவர் வீட்டில் கேபிளைத் தூக்கி மேலே ஒரு கொக்கியில் மாட்டினோம், அவ்வளவுதான் வேலை. கம்ப்யூட்டர் பொருத்திய மெஷின் என்றால் அதன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். பெல்ட் மாட்டியபடி தள்ளினால் கையில் தெரிவது மோட்டாரின் இழுப்பு. சக்கரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

ஜனவரி 20

இப்போது மட்டம். ஹெட்டை மேசையின் நடுவில் நிறுத்திக் கையை எடுங்கள். தானாக இடப்பக்கமோ வலப்பக்கமோ உருண்டால் மேசை நீளவாக்கில் சாய்ந்திருக்கிறது. முன்னாலோ பின்னாலோ உருண்டால் குறுக்குவாக்கில் சாய்வு. சாய்வு இருந்தால் ஒரு பக்கம் போகும்போது தள்ளுகிறீர்கள், மறுபக்கம் வரும்போது பிடித்து நிறுத்துகிறீர்கள். வட்டத்தின் ஒரு பாதி இழுபட்டு நிற்பது அதனால்தான்.

ரசமட்டத்தை ட்ராக்கின் மேல் வையுங்கள். மேசை விளிம்பிலோ துணி சுற்றும் ரோலரிலோ வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. சக்கரம் ஓடுவது ட்ராக்கில். ரோலர் நடுவில் தொய்ந்தாலும் சக்கரத்துக்கு ஒன்றும் ஆகாது.

எங்கள் பேஸ்மென்டில் தண்ணீர் வடிவதற்காகத் தரையின் நடுவில் ஒரு துளை உண்டு. இந்தப் பக்கத்து வீடுகளில் இது வழக்கம். கான்கிரீட்டை அந்தத் துளையை நோக்கிச் சாய்த்துத்தான் ஊற்றியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சாய்வு, ஆனால் 12 அடி மேசையின் ஒரு கால் துளைக்குப் பக்கத்திலும் ஒரு கால் சுவரோரமும் நின்றால் ஹெட் நிற்காமல் ஓடும். காலடி போல்ட்டைத் திருகி ஏற்றித்தான் சரி செய்ய முடியும். ஏற்றிய பிறகு பூட்டு நட்டை இறுக்காமல் விட்டால், நாலு குவில்ட் தைப்பதற்குள் அதிர்வில் தானாக இறங்கிவிடும்.

கார்ப்பெட் போட்ட அறையில் மேசை வைத்திருப்பவர்கள் கால்களுக்கு அடியில் கெட்டியான பலகை கொடுங்கள். கார்ப்பெட் மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே போகும்.

ஜனவரி 20, இரவு

மட்டத்தில் இன்னொன்று. இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை: மேசை முறுக்கிக்கொள்வது. முன் ட்ராக்குக்கும் பின் ட்ராக்குக்கும் குறுக்கே ஒரு நேரான சட்டம் போட்டு, அதன்மேல் ரசமட்டம் வைத்து இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடத்திலும் பாருங்கள். மூன்றிலும் குமிழ் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இடது ஓரத்தில் முன்னாலும் வலது ஓரத்தில் பின்னாலும் போனால் மேசை முறுக்கியிருக்கிறது. ஒரு ட்ராக்கில் மட்டும் வைத்துப் பார்த்தால் நீளவாக்கில் மட்டம் சரியாகவே காட்டலாம், ஹெட்டும் தானாக ஓடாமல் இருக்கலாம். ஆனாலும் கேரியேஜ் ஓரத்துக்குப் போகும்போது ஒரு சக்கரம் ட்ராக்கை விட்டு எழும்பும். நடுக்கால் உள்ள மேசைகளில் அந்த நடுக்கால் ஒரு சுற்று உயரமாக இருந்தாலே நடுவில் மேடு தட்டிவிடும்.

எங்கள் வீட்டுக்காரர் ரசமட்டத்தோடு இறங்கி வந்தார் என்றால் மேசையோடு விடமாட்டார், சுவரில் மாட்டிய படம் வரைக்கும் நேராக்கிவிட்டுத்தான் மேலே போவார்.

ஜனவரி 27

நியூ ஜெர்சியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஆட்டம் இருந்தால் சக்கரத்தை இறுக்கிவிட வேண்டியதுதானே, எதற்கு இவ்வளவு?"

இறுக்கக் கூடாது. இதை அழுத்தியே சொல்கிறேன். நான்கு சக்கரமும் எடையைச் சமமாகச் சுமக்க வேண்டும், எதுவும் நெருக்கப்படக் கூடாது. மூன்று சுமந்து ஒன்று சும்மா இருந்தால் ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி கேரியேஜ் திசை மாறும்போதெல்லாம் அசையும். 45 டிகிரியில் குறுக்குக் கட்டம் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு முனையிலும் சின்னதாக ஒரு கொக்கி விழும். அதற்குப் பயந்து இறுக்கினால் சக்கரத்தின் பக்கச் சுவர் ட்ராக்கைக் கவ்வும். நேர்க்கோடு நன்றாக வரும். சாய்கோடு படிக்கட்டாக வரும், ஏனென்றால் பக்கவாட்டு ஓட்டம் விட்டு விட்டுத்தான் கிளம்பும்.

சும்மா இருக்கும் சக்கரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். கேரியேஜ் அசையாமல் சக்கரம் மட்டும் தாராளமாகச் சுற்றினால் அது சுமக்கவில்லை. இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் சாதாரண காகிதத்தை விரல் அகலத்துக்குக் கிழித்து, ட்ராக்கின் மேல் வைத்து, சக்கரத்தை அதன்மேல் ஏற்றி நிறுத்துங்கள். பிறகு காகிதத்தை இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் சக்கரம் மிதக்கிறது. பிடித்துக்கொண்டு கிழிகிற மாதிரி வந்தால் சுமக்கிறது. நான்கிலும் ஏறக்குறைய ஒரே பிடி இருக்க வேண்டும்.

இதை ஓரிடத்தில் செய்து முடிவுக்கு வராதீர்கள். இரண்டு ஓரத்திலும் நடுவிலும் செய்யுங்கள். எங்கே போனாலும் அதே சக்கரம்தான் மிதக்கிறது என்றால் அந்தச் சக்கரத்தின் உயரத்தைச் சரி செய்ய வேண்டும். இடத்துக்கு ஒரு சக்கரம் மிதந்தால் மேசையில்தான் கோளாறு, மேலே சொன்ன முறுக்கைப் பாருங்கள். அந்த நிலையில் சக்கரத்தைத் திருகினால் ஓரிடத்தில் நன்றாகி இன்னோரிடத்தில் கெடும்.

ஜனவரி 28

உயரத்தைச் சரி செய்வது பற்றி. பல மெஷின்களில் எல்லாச் சக்கரமும் இல்லாவிட்டாலும் சிலவாவது எக்சென்ட்ரிக் போல்ட்டில் மாட்டியிருக்கும். அச்சு போல்ட்டின் நடுவில் இருக்காது, சற்றுத் தள்ளி இருக்கும். போல்ட்டைத் திருப்பினால் சக்கரம் கொஞ்சம் ஏறும் அல்லது இறங்கும். தொடுவதற்கு முன்னால் போல்ட் தலையிலும் தகட்டிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இது இல்லாமல் ஆரம்பித்தால் பழைய நிலை எது என்று பிறகு தெரியாது.

ஒரு ஸ்பேனரால் போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம், தளர்ந்தால் போதும். போல்ட்டை நூலளவு திருப்புங்கள். எட்டில் ஒரு பங்கு சுற்றே பெரிய மாற்றம். நட்டை இறுக்கும்போது போல்ட்டும் கூடவே திரும்பப் பார்க்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கிய பிறகு காகிதச் சோதனை. ஒரு சக்கரத்தைத் தொட்டால் நான்கையும் மறுபடி சோதிக்க வேண்டும், ஏனென்றால் எதிர்மூலைச் சக்கரத்தின் சுமை உடனே மாறிவிடும்.

ஹெட்டைத் தூக்க வேண்டி வந்தால் இரண்டு பேர் வேண்டும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள், அது எடை தாங்கச் செய்தது அல்ல.

எல்லா மெஷினிலும் இது இருக்காது. சிலவற்றில் உருளைக் கம்பியில் பேரிங் கட்டைதான் வழுக்கும், திருப்ப ஒன்றும் இல்லை. உங்களுடையது எந்த வகை என்று குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிப்ரவரி 4

டல்லாஸ் வாசகியின் மேசை முறுக்கியிருந்திருக்கிறது. முன் வலது கால் இறங்கியிருந்ததாம். ஏற்றியதும் வட்டம் வட்டமாகிவிட்டது. எட்டுச் சக்கரமும் பழையவையேதான்.

வட்டத்தைவிடக் கடுமையான சோதனை வேண்டுமென்றால் பாப்டிஸ்ட் ஃபேன் என்ற விசிறி டிசைனைப் போட்டுப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் வில்கள், இடைவெளி சீராக இருந்தால்தான் அழகு. ஒரு சக்கரம் தவறினாலும் இரண்டு வில்கள் நெருங்கிவிடும். நூலைச் செலவழிக்க வேண்டாம், மெஷின் பாதத்தின் பக்கத்தில் பேனாவை டேப்பால் கட்டி, கீழே தாளை விரித்து வரைந்து பார்த்தாலே போதும்.

பிப்ரவரி 11

டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் நன்றாக ஓடுமே என்று கேட்டவருக்கு: அன்றைக்கு ஓடும். இந்தச் சக்கரங்களில் பெரும்பாலும் மூடிய பேரிங்தான், உள்ளே கிரீஸ் போட்டே வரும். அந்தத் திரவம் உள்ளே போனால் கிரீஸைக் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். வெளியே தங்கினால் பஞ்சுத் தூசியைப் பிடித்து வைக்கும். அந்தக் கறுப்பு வளையம் இப்படித்தான் பிறக்கிறது. எண்ணெய் போக வேண்டிய இடம் ஹூக், அதாவது ஊசிக்குக் கீழே சுற்றி நூலைப் பிடிக்கும் பாகம். சக்கரத்திலும் ட்ராக்கிலும் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

கீச்சென்று சத்தம் வந்தால் சக்கரத்தைக் கழற்றி, உள்வளையத்தை விரலில் மாட்டிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுழற்றுங்கள். மணல் அரைகிற மாதிரி கேட்டால் பேரிங் போய்விட்டது. அந்தப் பேரிங்கை மாற்றுங்கள், மற்ற ஏழையும் எதற்கு மாற்றுவது?

பிப்ரவரி 18

டொராண்டோ வாசகர் ஒருவர் மரச்சட்டத்தில் தானே மேசை செய்து, சாதாரணத் தையல் மெஷினைக் கேரியேஜில் வைத்து ஓட்டுகிறாராம். படம் பார்த்தேன், வேலை சுத்தமாக இருக்கிறது. ஸ்கேட்போர்டு சக்கரம் போட்டிருக்கிறார். அதில் இருக்கும் பேரிங் 608: உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. எங்கும் கிடைக்கும். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இருபுறமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் உலோக மூடி. பஞ்சுத் தூசிக்கு ரப்பர் மூடிதான் நல்லது, ஓட்டம் ஒரு துளி கனமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஆனால் ஸ்கேட்போர்டு சக்கரத்தின் யூரித்தேன் மென்மையானது. ஒரே இடத்தில் பல வாரம் நின்றால் தட்டையாகும். பள்ளமும் இல்லாததால் ட்ராக்கை விட்டு விலகும், ஓரத்தில் தடுப்பு வைத்தே ஆக வேண்டும்.

மார்ச் 3

தையல் நீளம் மாறுகிறது, சக்கரமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஓட்டம் நன்றாக இருந்து நீளம் மட்டும் மாறினால், சுமக்கும் சக்கரத்தை விடுங்கள், என்கோடர் சக்கரத்தைப் பாருங்கள். ஸ்டிச் ரெகுலேட்டர் (தையல் நீளத்தைச் சீராக வைக்கும் அமைப்பு) உள்ள மெஷின்களில் சின்னதாக இரண்டு சக்கரங்கள் ஸ்பிரிங் அழுத்தத்தில் ட்ராக்கில் உரசிக்கொண்டே வரும். ஒன்று பக்கவாட்டு நகர்வை அளக்கும், மற்றது முன்பின் நகர்வை. எவ்வளவு நகர்ந்தீர்கள் என்று மெஷினுக்குத் தெரிவது இவை சொல்லித்தான்.

அங்குலத்துக்கு 10 தையல் வைத்து, பக்கவாட்டில் 10 அங்குலம், முன்பின்னாக 10 அங்குலம் தைத்து இரண்டையும் எண்ணுங்கள். இரண்டும் 100 பக்கம் வர வேண்டும். பக்கவாட்டில் மட்டும் எண்ணிக்கை குறைந்தால் அந்த என்கோடர் வழுக்குகிறது. அல்லது அதில் தூசி சுற்றி விட்டம் பெருத்திருக்கிறது: பெரிய சக்கரம் அதே தூரத்துக்குக் குறைவாகச் சுற்றும், மெஷின் குறைவாகத்தான் நகர்ந்தோம் என்று எண்ணிக் குறைவாகத் தைக்கும், தையல் நீளும். அதன் ரப்பர் வளையம் தேய்ந்து சிறுத்தால் இதற்கு நேர்மாறு, தையல் குறுகும். ரப்பர் வளையம் விலை மலிவு. ஒன்று வாங்கி டிராயரில் போட்டு வையுங்கள்.

மார்ச் 4

பேரிங்கை மட்டும் மாற்றுங்கள் என்று பிப்ரவரியில் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேரிங் கெட்டுச் சக்கரம் நன்றாக இருந்தால் அது சரி. சக்கரத்தின் பள்ளமே தேய்ந்து அகன்றுபோயிருந்தால் கேரியேஜின் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுச் சக்கரம் தேய்ந்ததைவிட ஒரு மயிரிழை உயரமாக நிற்கும். மூன்று பழையதோடு ஒரு புதியதைச் சேர்த்தால் அதுவும் அதன் எதிர்மூலையும் சுமக்கும், மற்ற இரண்டில் ஒன்று மிதக்கும். எட்டும் வேண்டாம், ஒரே அடுக்கில் உள்ள நான்கு போதும்.

ஜூன் 16

மழையும் புழுக்கமும் ஆரம்பித்ததிலிருந்து ஹெட் மறுபடி இடப்பக்கம் உருள்வதாக மரத்தரை வீட்டுக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். மரத்தரை ஈரத்தில் உப்பும், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது சுருங்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஹீட்டரை அணைக்கும்போது ஒன்று, போடும்போது ஒன்று, மட்டம் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சக்கரத்தைத் தொடாதீர்கள், காலடி போல்ட் போதும்.

ஜூலை 7

ஊருக்குப் போகிறேன், மெஷினை எப்படி விட்டுப் போவது என்று கேட்டவருக்கு. சக்கரத்தையும் ட்ராக்கையும் துடைத்துவிட்டுப் போங்கள், கறுப்பு வளையம் காய்ந்தால் குச்சிக்கு வராது. ஹெட்டை ட்ராக் ஒட்டின் மேல் நிறுத்தாதீர்கள். மேலே பழைய போர்வையைப் போர்த்தினால் அதன் பஞ்சே சக்கரத்தில் போய்ச் சேரும், நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தித் துணி போடுங்கள். பக்கத்து வீட்டில் யாரிடமாவது சாவி கொடுத்திருந்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வரும்போது, சக்கரம் ஒரே இடத்தில் நின்று தட்டையாகாமல் இருக்க ஹெட்டை ஒரு முழம் நகர்த்திவிடச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும், துணி மாட்டுவதற்கு முன் ஓரத்திலிருந்து ஓரம் சில தடவை மெதுவாக ஓட்டுங்கள். லேசான தட்டல் இருந்தால் பெரும்பாலும் அந்த ஓட்டத்திலேயே போய்விடும். போகாவிட்டால் எந்தச் சக்கரம் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.